கருப்பையையும் கணக்கில் சேருங்கள்

திருவனந்தபுரத்தின் ஆரியசாலையிலும் அதை ஒட்டிய சாலைக் கடைத்தெருவிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரசவம் என்றால் தைக்காடு ஆஸ்பத்திரி. சிக்கலான பிரசவம் என்றால் மருத்துவக் கல்லூரி வளாகத்து எஸ்.ஏ.டி. மருத்துவமனை. மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்துப் பெண்களும் நிலைமை மோசமானால் மாநில எல்லை தாண்டி இந்த நகரத்துக்கு வருகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. திருவிதாங்கூர் காலத்தில் தைக்காடு மருத்துவமனையை நடத்திய டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், 1920-இல் கேரளத்தின் முதல் சிசேரியனைச் செய்தவராக அறியப்படுகிறார். பின்னாளில் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் பொறுப்புக்கும் உயர்ந்தார். நம் காலத்துச் சாதனை அதைவிடப் பெரியது. 2001–03-இல் கேரளத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 110 தாய்மார் இறந்தார்கள். 2018–20-இல் அந்த எண் 19. அதே காலத்தில் தமிழகத்துக்கு 54, இந்தியா முழுமைக்கும் 97. இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை மதிக்காதவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் இறப்பை மட்டும் எண்ணும் கணக்கில் ஒரு கூட்டம் விட்டுப்போகிறது. கருச்சிதைவுக்குப் பின் ரத்தப்போக்கோடும் காய்ச்சலோடும் வந்து, உயிர் பிழைத்து, இனி ஒரு குழந்தையைச் சுமக்க முடியாத உடம்போடு வீடு திரும்பும் பெண்கள் அவர்கள். கருப்பையைக் காப்பாற்றுவது பிற்பாடு பெரிய மருத்துவமனையில் காசு கொடுத்துத் தேடிக்கொள்ளும் சிறப்புச் சிகிச்சை என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அது கருச்சிதைவுக்கான முதல் சிகிச்சையிலேயே, தாலுகா மருத்துவமனையிலேயே தீர்மானமாகிவிடும் விஷயம் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

கருச்சிதைவு அபூர்வமான நோய் போலப் பேசப்படுவதே முதல் சிக்கல். உலக அளவில் உறுதியான கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் இப்படி முடிகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் என்று 2021-இல் லான்செட் இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர் மதிப்பிட்டது. பெரும்பாலான பெண்களுக்கு உடம்பு தானே தேறிவிடும். சிலருக்கு மட்டும் கருவின் அல்லது நஞ்சுக்கொடியின் ஒரு பகுதி உள்ளே தங்கிவிடும், ரத்தப்போக்கு நிற்காது, கிருமி தொற்றும். தங்கியதை எடுக்க நெடுங்காலமாகச் செய்துவருவது, எல்லோரும் 'டி அண்ட் சி' என்றும் 'க்ளீன் பண்றது' என்றும் சொல்லும் வேலை: கருப்பை வாயை விரித்து, விளிம்பு கூரான உலோகக் கரண்டி போன்ற கியூரெட்டை நுழைத்து, உள்ளே எதையும் பார்க்காமல் கை உணர்வை நம்பிச் சுரண்டுவது. கருப்பையின் உட்படலம் இரண்டு அடுக்கானது. மேலடுக்கு மாதவிடாயில் உதிர்ந்து மறுபடி வளரும். அதை வளர்த்துக் கொடுப்பது அடியடுக்கு. கர்ப்பம் கலைந்த நாட்களில் கருப்பைச் சுவர் மென்மையாக இருப்பதால் கரண்டி சுலபமாக அடியடுக்கு வரை போய்விடுகிறது. அது போனால் அந்த இடத்தில் தழும்பு உண்டாகி, முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1894-இலேயே ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் ஃபிரிட்ஷ் இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1948-இல் ஜோசப் ஆஷர்மன் விரிவாக விவரித்ததிலிருந்து அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது. மாதவிடாய் மிகக் குறைவாக வருவது, அல்லது நின்றே போவது, மாதாமாதம் ரத்தம் வராமல் வலி மட்டும் வருவது, கருத்தரிக்காமை, தரித்தாலும் மீண்டும் கலைவது, அதையும் தாண்டிப் பிரசவம் வரை போனால் நஞ்சுக்கொடி சுவருக்குள் ஊடுருவி உயிருக்கே ஆபத்தாவது என இதன் விளைவுகள் ஒரு பெண்ணின் வாழ்க்கை நெடுக நீள்கின்றன.

இது எங்கோ ஒருவருக்கு நேரும் விபத்து என்று ஒதுக்க முடியாதபடி சான்றுகள் குவிந்திருக்கின்றன. கருச்சிதைவுக்குப் பின் கருப்பைக்குள் கேமரா செலுத்திப் பார்த்த பல ஆய்வுகளை 2014-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் தொகுத்தபோது, 912 பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் ஒட்டுத்தழும்பு இருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் லேசானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்துவது இங்கே நோக்கம் இல்லை. ஆனால் சுரண்டல் எத்தனை முறை நடந்ததோ அந்த அளவுக்குத் தழும்பும் கூடியது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 2017-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், முன்பு ஒருமுறையேனும் டி அண்ட் சி செய்துகொண்டு மறுபடி அதற்கு வந்த பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 30.6 சதவீதத்தினருக்குத் தழும்பு. முடிந்தவுடன் ஒட்டாமல் தடுக்கும் ஹையலுரானிக் அமில ஜெல் வைக்கப்பட்டவர்களில் 13 சதவீதம். ஜெல் உதவுகிறது என்பது நல்ல செய்திதான். இரண்டாவது சுரண்டலுக்குப் பின் மூன்றில் ஒருவருக்குக் கருப்பை ஒட்டுகிறது என்பது அதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி. கருப்பை வாய்க்கும் கேடு உண்டு. டி அண்ட் சி செய்துகொண்டவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் குறைப்பிரசவ வாய்ப்பு சுமார் 29 சதவீதம் அதிகம் என்று 2016-இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. வலுக்கட்டாயமாக விரிக்கப்பட்ட வாய் பின்னாளில் பாரம் தாங்காமல் போவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மாற்று வழிகள் புதியவை அல்ல, விலை உயர்ந்தவையும் அல்ல. உடம்பு நிலையாக இருந்தால் சில நாள் காத்திருக்கலாம். மாத்திரை கொடுக்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் மென்மையான பிளாஸ்டிக் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். கையால் இயக்கும் உறிஞ்சு சிரிஞ்சுக்கு மின்சாரம்கூட வேண்டாம். கூர்க்கரண்டிச் சுரண்டலில் பெருஞ்சிக்கல்கள் உறிஞ்சும் முறையைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இலேயே எழுதியது. 2012-இல் சுரண்டலைக் கைவிட்டு உறிஞ்சும் முறைக்கோ மருந்துக்கோ மாற வேண்டும் என்றது. பிரிட்டனில் 1,200 பெண்களை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வில், காத்திருந்தவர்கள், மருந்து எடுத்தவர்கள், அறுவை முறையில் சிகிச்சை பெற்றவர்கள் ஆகிய மூன்று பிரிவிலும் கிருமித்தொற்று 2 முதல் 3 சதவீதமே. ஐந்து ஆண்டுக்குள் உயிருள்ள குழந்தை பெற்றவர்கள் 79, 79, 82 சதவீதம். 2018-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு மருந்து முறையையே மேம்படுத்தியது: வழக்கமான மிசோப்ரஸ்டால் மருந்துக்கு முன் மிஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்தையும் கொடுத்தால், முதல் பரிசோதனைக்குள் முழுதாக வெளியேறுவது 67 சதவீதத்திலிருந்து 84 சதவீதமாகிறது, பிற்பாடு உறிஞ்சி எடுக்க நேர்வது 24 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைகிறது. எந்த வழியாக இருந்தாலும், முறையாகச் செய்தால் பெண்ணின் எதிர்காலம் கெடுவதில்லை. ஆகவே எந்த முறை என்பதில் அவளுடைய விருப்பத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. இடமில்லாதது கூர்க்கரண்டிக்கு மட்டும்தான்.

இதையெல்லாம் நம் அரசு அறியாமல் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் விரிவான கருக்கலைப்புப் பராமரிப்பு வழிகாட்டி 2010-இலேயே உறிஞ்சும் முறையை முன்வைத்தது. 2018-இல் திருத்திய பதிப்பும் வந்தது. அப்படியும் கரண்டி ஏன் ஓயவில்லை? பயிற்சிக் காலத்தில் மூத்தவர்களிடம் கைப்பழக்கமாகக் கற்றதை விடுவது எந்தத் தொழிலிலும் கடினம். உறிஞ்சி எடுத்த பிறகும் 'ஒரு தடவை சுரண்டிப் பார்த்துவிட்டால் நிம்மதி' என்று கடைசியாகக் கரண்டியை உள்ளே விடும் வழக்கம் அந்த நிம்மதியை மருத்துவருக்குத் தந்து சேதத்தைப் பெண்ணுக்குத் தருகிறது. இன்னொரு காரணம் தெருவுக்குத் தெரு இருக்கும் ஸ்கேன் சென்டர்கள். மாத்திரை எடுத்து இரண்டு வாரம் கழித்துப் போகும் பெண்ணுக்கு 'உட்படலம் 15 மி.மீ. தடிப்பு, மிச்சம் இருக்கலாம்' என்று அறிக்கை வருகிறது. ரத்தப்போக்கும் காய்ச்சலும் வலியும் இல்லாத பெண்ணுக்கு அந்த மில்லிமீட்டரை மட்டும் வைத்து அறுவை தேவையில்லை. அடுத்த மாதவிடாயில் பெரும்பாலும் அது தானே வெளியேறிவிடும். ஆனால் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டார் பதறுகிறார்கள், மருத்துவர் வழக்குக்கு அஞ்சுகிறார், இரண்டாவது சுரண்டல் நடக்கிறது. மேலே சொன்ன 30.6 சதவீதம் போய்ச் சேருவது இப்படிப்பட்ட பெண்களிடம்தான். டாப்ளர் ஸ்கேனில் அந்த இடத்தில் ரத்தவோட்டம் மிகுந்து தெரிந்தால் குருட்டுச் சுரண்டல் இன்னும் ஆபத்து; திடீரென்று ரத்தம் பெருக்கெடுத்துக் கருப்பையையே அகற்றும் நிலை வரலாம், பொறுத்திருந்தால் தானே அடங்கக்கூடிய ஒன்றுக்காக.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்குச் சிக்கல் வரத்தான் செய்யும். அப்போது செய்யும் அறுவை சிகிச்சையில்தான் கடந்த முப்பது ஆண்டுகள் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. வாரங்கள் கடந்தும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் நஞ்சுக்கொடித் துண்டை கருப்பைக்குள் செலுத்தும் கேமராவான ஹிஸ்டெரோஸ்கோப் வழியாக நேரில் பார்த்து, அதை மட்டும் பிரித்து எடுத்து, சுற்றியுள்ள நல்ல படலத்தைத் தொடாமல் விடலாம். 2011-இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், இப்படிப் பார்த்து எடுத்தவர்களில் 4.2 சதவீதத்தினருக்கும் ஸ்கேன் துணையோடு சுரண்டப்பட்டவர்களில் 30.8 சதவீதத்தினருக்கும் பின்னால் தழும்பு கண்டது. சிறிய ஆய்வுதான், எனினும் வித்தியாசம் சிறியதல்ல. ஏற்கெனவே ஒட்டிப்போன கருப்பையையும் அதே கருவியால் நுண்கத்தரி கொண்டு பிரிக்க முடியும். பிரித்த சுவர்கள் மறுபடி ஒட்டாமல் சிறு பலூனோ ஜெல்லோ வைத்து, சில வாரம் கழித்து மீண்டும் உள்ளே பார்ப்பார்கள். லேசான தழும்பில் பலன் நன்றாக இருக்கிறது. கடுமையானதில் மறுபடி ஒட்டுவது அதிகம். நோய் முற்றிய பிறகு கைதேர்ந்தவரிடம் போனாலும் போன படலம் முழுதாகத் திரும்புவதில்லை என்பதால்தான் முதல் சிகிச்சையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருக்கிறது. மாதம் முற்றிய கருச்சிதைவில் ரத்தம் நிற்காதபோதும் கருப்பையை எடுப்பதற்கு முன் பல படிகள் உள்ளன: கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்துகள், உள்ளே பலூன் வைத்து அழுத்துவது, ரத்தக்குழாயைக் கட்டுவது, எக்ஸ்ரே வழிகாட்டலில் அதை அடைப்பது. டாக்காவின் பேராசிரியர் சயீபா அக்தர், விலை உயர்ந்த பலூன் கிடைக்காத இடத்தில் ரப்பர் குழாயில் ஆணுறையைக் கட்டி உப்புநீர் நிரப்பி உள்ளே வைத்தே உயிரையும் கருப்பையையும் காக்கலாம் என்று காட்டினார். ஆணுறை தயாரிக்கும் நிறுவனத்தின் தலைமையகமே இருக்கும் திருவனந்தபுரத்தில் இதற்குப் பொருள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மருத்துவர்கள் எழுப்பும் முதல் மறுப்பு நியாயமான கவலையிலிருந்து வருவது. 'நள்ளிரவில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் பெண்ணின் முன் நிற்பவருக்குத்தான் கஷ்டம் தெரியும். முதலில் உயிர், கருப்பை அப்புறம்.' உண்மை. சீழ் பிடித்துச் செயலிழந்த கருப்பையை, எந்தப் படியிலும் கட்டுப்படாத ரத்தப்போக்கு உள்ள கருப்பையை அகற்றித்தான் ஆக வேண்டும்; அந்த முடிவைத் தள்ளிப்போட்டு உயிரைப் பறிகொடுப்பதைவிடப் பெரிய பிழை இல்லை. ஆனால் உயிரும் கருப்பையும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பது அந்தக் கடைசி மணி நேரத்தில்தான். அதற்கு முன் இரண்டு நாள் பின்னோக்கிப் போனால் இரண்டையும் காப்பது ஒரே செயல்: தொற்று தொடங்கியவுடன் ஆன்டிபயாடிக் கொடுத்து, தாமதிக்காமல் உறிஞ்சி எடுப்பது. பெலகாவியிலிருந்து சென்ற பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனவர் 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே மருத்துவமனையில் இறந்தது இந்தப் பாடத்தை உலகுக்கே சொன்னது. 17 வாரக் கர்ப்பம் தவிர்க்க முடியாமல் கலைந்துகொண்டிருந்தது; கருவின் இதயம் துடிக்கிறது என்று அந்நாட்டுக் கருக்கலைப்புச் சட்டத்துக்கு அஞ்சிக் காத்திருந்தார்கள்; ரத்தத்தில் கிருமி ஏறியது. நம் ஊரில் தாமதத்துக்குக் காரணம் வேறு. மணமாகாத பெண் வெளியே சொல்ல அஞ்சி மருந்துக்கடை மாத்திரையோடு வீட்டுக்குள் கிடக்கிறாள். மணமானவளுக்கோ 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்கிறது வீடு. காய்ச்சலோடும் துர்நாற்றத்தோடும் அவள் வந்து சேரும்போது மருத்துவருக்குத் தெரிவு சுருங்கிவிடுகிறது. அவசர நேரத்து முடிவைக் குறைசொல்வதில் பயனில்லை. அந்த நேரம் வராமல் தடுப்பதில்தான் கருப்பைக் காப்பு இருக்கிறது. யார் வந்தாலும் மணமானவளா என்று முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொள்ளும் வார்டும் அதில் அடக்கம்.

அடுத்த மறுப்பு பணத்தைப் பற்றியது. ஹிஸ்டெரோஸ்கோப்பும் அதைக் கையாளத் தெரிந்தவரும் தாலுகா மருத்துவமனையில் எங்கே கிடைப்பார்கள் என்பார்கள். இதற்குச் சரியான பதில் 2023-இல் பிரான்சிலிருந்து வந்தது. முழுதாக வெளியேறாத கருச்சிதைவுக்கு முதல் சிகிச்சையாக ஹிஸ்டெரோஸ்கோப்பையும் உறிஞ்சும் முறையையும் 574 பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் 22 வாரத்தைக் கடந்த கர்ப்பம் எத்தனை பேருக்கு அமைந்தது என்பதே அளவுகோல். ஹிஸ்டெரோஸ்கோப் பிரிவில் சுமார் 63 சதவீதம், உறிஞ்சும் பிரிவில் சுமார் 68 சதவீதம்; விலை உயர்ந்த கருவி மேம்பட்டதாக நிரூபணம் ஆகவில்லை. கருத்தரிக்கும் திறனைக் காக்கிறோம் என்ற பெயரில் ஒவ்வொரு கருச்சிதைவையும் பெரிய பில்லாக மாற்ற நினைக்கும் தனியார் மருத்துவமனைகளும் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். முதல் கட்டத்துக்குத் தேவை மாத்திரை, உறிஞ்சு சிரிஞ்சு, தேவைப்பட்டால் அறுவை மேஜை அருகே ஒரு ஸ்கேன். இவை எந்தத் தாலுகா மருத்துவமனைக்கும் எட்டாதவை அல்ல. இரண்டாம் முறை உள்ளே போக வேண்டிய பெண், தழும்பு வந்த பெண், ரத்தக்குழாய்ச் சிக்கல் உள்ள பெண் ஆகியோருக்குத்தான் பெரிய கருவிகள். அவர்கள் எண்ணிக்கை குறைவு. அவர்களைத் திருவனந்தபுரத்துக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ நேரத்தோடு அனுப்பிவைப்பதே கீழ்மட்ட மருத்துவமனையின் வேலை.

மூன்றாவது மறுப்பு பெண்ணியவாதிகளிடமிருந்து வருகிறது; அதைத்தான் அதிகம் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். கருப்பையைக் காக்க வேண்டும் என்று முழங்குவது, பெண் என்றாலே குழந்தை பெறும் உடம்பு என்ற பழைய எண்ணத்துக்கு மருத்துவ மொழியில் வலுச்சேர்ப்பதாகாதா? கருச்சிதைவில் துவண்டு கிடப்பவளிடம் 'அடுத்த குழந்தை' பற்றிப் பேசுவது எத்தனை கொடுமை? அந்தக் கொடுமை நடக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நம் நாட்டில் கருப்பைக்கு நேரும் அநியாயம் இரண்டு திசையிலும் இருக்கிறது. குழந்தை இல்லாதவளை அதைச் சொல்லியே குத்துகிறார்கள். இரண்டு குழந்தை பெற்றவளிடம் 'இனி எதற்கு அது, எடுத்துவிடலாம்' என்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களின் கருப்பைகள் அகற்றப்பட்டது 2019-இல் நாட்டையே உலுக்கியது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு அநியாயத்துக்கும் வேர் ஒன்றே: முடிவு அவளுடையதாக இல்லை. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியே இருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி அகற்றப்பட்டன. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் அகற்றுவதற்குத் தந்த ஒப்புதல் ஆகாது. தானே முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாகத் தாய் ஒப்புதல் தர முடியாது. உயிராபத்து உடனடியாக இல்லாதபோது அவள் கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. ஆகவே கருப்பைக் காப்பு என்பதைக் குழந்தைக்கான கட்டாயமாகப் பொருள்கொள்ள வேண்டியதில்லை. குழந்தை வேண்டாம் என்பவளுக்கும் மாதவிடாய் நின்று மாதாமாதம் வலிக்கும் உடம்பு வேண்டியதில்லை. வேண்டும் என்பவளுக்கு அந்த வழி ஒரு கரண்டியால் அடைபடக்கூடாது. முழு விளக்கத்துக்குப் பிறகு அகற்றிவிடுங்கள் என்று அவளே சொன்னால் அதுவும் மதிக்கப்பட வேண்டும்.

முதல் சிகிச்சையில் கோட்டைவிட்டால் பின்னால் எவ்வளவு பெரிய செலவில் போய் முடிகிறது என்பதற்குப் புனேயைப் பார்க்கலாம். 2017 மே மாதம் அங்கே கேலக்ஸி கேர் மருத்துவமனையில் இந்தியாவின் முதல் கருப்பை மாற்று அறுவைகள் நடந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவற்றின் பயனாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆசிய பசிபிக் பகுதியிலேயே முதல் என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. அந்தக் குழந்தையைப் பெற்ற இளம்பெண்ணுக்கு மாற்றுக் கருப்பை தேவைப்பட்ட காரணம் அந்தக் கொண்டாட்டத்தில் அமுங்கிப்போனது: தொடர்ந்த கர்ப்ப இழப்புகளுக்குப் பின் கருப்பைக்குள் உண்டான ஆஷர்மன் தழும்பு. தன்னைச் சுமந்த கருப்பையையே தாயிடமிருந்து வாங்கிக்கொண்டாள் மகள். மருத்துவத்தின் உச்சத்தை வணங்கலாம். ஆனால் அப்படிப்பட்ட உச்சம் எத்தனை பேருக்கு எட்டும்? சட்டமும் இந்த நோயை அறிந்தே வைத்திருக்கிறது. 2022-இல் வந்த வாடகைத்தாய் ஒழுங்குமுறை விதிகள், ஒரு பெண் வாடகைத்தாயை நாடுவதற்குரிய மருத்துவக் காரணங்களில் கருப்பைக்குள் ஒட்டுத்தழும்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. அந்த வழியிலும் பணம், அலைச்சல், நெருங்கியவர்களின் தயவு எல்லாம் வேண்டும். ஏழைகளுக்கான பிரதமரின் காப்பீட்டுத் திட்டமோ செயற்கைக் கருத்தரிப்பை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குபவரின் மனைவிக்கு இந்தப் பின்வாசல்கள் எதுவும் திறக்காது. அவளுக்குக் கிடைப்பது முதல் நாள் சிகிச்சை மட்டுமே. அது தரமாக இருந்தாக வேண்டும்.

தரத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதற்குக் கேரளத்திடமே முன்மாதிரி இருக்கிறது. 2004-இல் கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, இந்தியாவில் முதன்முதலாக, தாய்மார் இறப்பை ரகசியமாக ஆராயும் முறையைத் தொடங்கியது. பிரிட்டனில் 1952 முதல் இருந்துவருவதன் வழியைப் பின்பற்றியது அது. நோயாளி பெயர், மருத்துவர் பெயர், மருத்துவமனை பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, எங்கே தவறியது என்று மட்டும் பார்த்தார்கள். யாரையும் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை. அதனால்தான் தனியார் மருத்துவர்களும் உண்மையைச் சொன்னார்கள். ரத்தப்போக்கே முதன்மைக் காரணம் என்று தெரிந்ததும் அதற்கான பயிற்சிகளும் தரவிதிகளும் வந்தன. அதே ரகசியத்தோடு, அதே நல்லெண்ணத்தோடு, கருச்சிதைவுச் சிகிச்சைக்குப் பின் நேரும் கருப்பை இழப்பையும் கருப்பைச் சேதத்தையும் ஆராயத் தொடங்கலாமே? பதிவு செய்தால் வழக்கு வரும் என்ற மருத்துவர்களின் அச்சத்துக்கு இருபது ஆண்டு அனுபவமே பதில். உயிர் தப்பிய தாய்மாரின் ஆபத்து நிலைகளை ஆராய 2014-இலேயே மத்திய அரசு வழிகாட்டி தந்துவிட்டது. அந்த ஆய்வைச் சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம் வரை நீட்டித்து, 'மாதவிடாய் திரும்பியதா, அளவு குறைந்ததா, மாதாமாதம் வலிக்கிறதா' என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டால் தழும்பு விழுந்தவர்களில் பலர் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுவார்கள். இளம் பெண்கள் தாமதமாக மணந்து ஒன்றிரண்டு குழந்தைகளே பெறும் மாநிலத்தில், ஒரு கர்ப்பம் கலைந்த பின் அடுத்ததற்கான வாசல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட அவசரமான வேலை மகப்பேறு துறைக்கு என்ன இருக்க முடியும்?

இதில் எல்லைப்புறத் தமிழர்களுக்கென்று தனிக் குறை ஒன்று உண்டு. குமரி மாவட்டத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறும் பெண், ஊர் திரும்பியதும் தமிழக அரசின் கிராம செவிலியரின் கவனிப்புக்குள் போகிறாள். திருவனந்தபுரத்தில் நடந்தது அந்தச் செவிலியருக்குத் தெரியாது. கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் தாளில் 'டி அண்ட் சி செய்யப்பட்டது' என்ற ஒரு வரி. எந்தக் கருவி, எத்தனையாவது முறை, ஸ்கேன் துணை இருந்ததா என்ற விவரம் இராது. ஒப்புதல் படிவம் அவள் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் கைநாட்டுக்கும் கையெழுத்துக்கும் வித்தியாசம் இல்லை. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தருகிறது. மனு எழுத உள்ள உரிமையின் உணர்வு, கருப்பையைப் பற்றிய ஒப்புதலுக்கும் நீள வேண்டாமா? தைக்காட்டிலும் எஸ்.ஏ.டி.யிலும் தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவமும், சிகிச்சைக் கருவியின் பெயர் எழுத வேண்டிய ஒரு கட்டமும், மூன்று மாதம் கழித்துக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளும் கொண்ட ஒரே தாள் போதும், தொடங்குவதற்கு. அதன் நகல் எல்லைக்கு அப்பால் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ புதுச் சட்டமோ தேவையில்லை. இரண்டு மாநிலச் சுகாதாரத் துறைகளும் அந்தத் தாளை ஏற்றுக்கொண்டு, கேரள மகப்பேறு கூட்டமைப்பின் அடுத்த ஆய்வறிக்கையில் இறந்த தாய்மாருக்கான பகுதியை அடுத்து, பிழைத்தும் கருப்பையை இழந்தவர்களுக்கான ஒரு பகுதியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதே உடனடியாகச் செய்ய வேண்டியது.